வாய் திறக்காத டாக்டரம்மா

அந்த டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் எந்நேரமும் ரேடியோ அலறிக்கொண்டிருக்கும். நோயாளிகள் காத்திருக்கும் முன்னறைக்கும் அவர் உட்கார்ந்து பார்க்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு மரத்தட்டிதான் தடுப்பு. தட்டிக்கு மேலே ஒரு பலகை, பலகையின் மேல் ரேடியோ. சினிமாப் பாட்டு, உரம் போடுவதைப் பற்றி விவசாயிகளுக்கான பேச்சு, செய்திகள், எது வந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். முதல் தடவை போகிறவர்கள் டாக்டரம்மாவுக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். காது மந்தமெல்லாம் இல்லை. உள்ளே ஒருத்தி தன் உடம்பைப் பற்றிச் சொல்வது வெளியே இருப்பவர்கள் காதில் விழக்கூடாது, அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் முக்கியமான சங்கதி என்றால் மட்டும் சத்தத்தைக் கூட்டி வைப்பாராம். எங்கள் ஊர் போடிக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? ரேடியோ சத்தம் கூடினால் உள்ளே இருப்பவளுக்கு ஏதோ பெரிய விவகாரம் என்று சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து விரலில் முள் குத்தி வந்தவளுக்கும் அதே அலறல்தான். கரண்டு போய்விட்டால் வைத்தியமும் நின்றுவிடும். உயிர் போகிற அவசரம் என்றால் ஒழிய யாரையும் உள்ளே கூப்பிட மாட்டார். மேசை டிராயரில் இருக்கும் பொரிகடலையைக் கொறித்துக்கொண்டு, கையில் கட்டியிருக்கும் ஆம்பளைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கரண்டு வரும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார்.

நான் அவரைத் தேடிப் போனது எழுபதுகளின் கடைசியில், மதுரையில் பி.எஸ்ஸி. முடித்து ஊர் திரும்பிய வருடம். மதுரையில் விடுதியில் இருந்தபோது உடம்பு சரியில்லை என்றால் கூட ஒருத்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு நானே டாக்டரிடம் போவேன், நானே சொல்வேன், மருந்து வாங்கி வருவேன். அதில் ஒரு அதிசயமும் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றியதில்லை. போடிக்கு வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய சலுகை என்று தெரிந்தது.

எங்கள் வீட்டுக்கென்று ஒரு டாக்டர் இருந்தார். ஊரில் பாதி ஏலக்காய் வியாபாரிகளின் வீடுகளுக்கு அவர்தான். அப்பாவும் அவரும் சாயங்காலம் சேர்ந்து சீட்டாடுகிறவர்கள். எங்கள் வீட்டுப் பெண்களில் யாருக்காவது முடியவில்லை என்றால், முடியாதவள் டாக்டரிடம் போகும் வழக்கம் கிடையாது. அப்பா போவார், சொல்வார், மருந்தோடு வருவார். எனக்கு அந்த வருடம் உடம்பில் ஒரு தொந்தரவு இருந்தது. நான் அம்மாவிடம் சொன்னது ஒன்று. அம்மா அதை அப்பாவிடம் சொல்லக் கூச்சப்பட்டு வேறு மாதிரி சொன்னாள். அப்பா அதற்கும் கொஞ்சம் மரியாதை சேர்த்து டாக்டரிடம் சொன்னார். டாக்டர் கையிலிருந்த சீட்டைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டார். கடைசியில் எனக்கு வந்து சேர்ந்தது அஜீரணத்துக்கான ரோஸ் நிற மிக்சர் ஒரு பாட்டில். அதைக் கொல்லையில் வாழைக்கு ஊற்றினேன். அடுத்த பாட்டில் வந்தது, அதையும் ஊற்றினேன். எனக்குத் தொந்தரவு தீரவில்லை, அந்த வாழைக்கு மட்டும் அஜீரணம் வந்திருக்க வாய்ப்பே இல்லை.

நானே வேறு ஒரு டாக்டரைத் தேடிக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா சிரித்தார். "தேடிக்கிறதுக்கு டாக்டரு என்ன மாப்பிள்ளையா?" என்று கேட்டார். மாப்பிள்ளையை மட்டும் நானா தேடப் போகிறேன் என்று வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆனால் தேடுவதை விடவில்லை.

தேடியதில் கிடைத்தது அதிகமில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம். ஆனால் அங்கே சீட்டு எழுதுகிறவரிலிருந்து கட்டுப் போடுகிறவர் வரை எல்லோருக்கும் அப்பாவைத் தெரியும். நான் வீடு வந்து சேருமுன் என் வியாதி வீடு வந்து சேர்ந்துவிடும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒருவர் புதிதாகப் போர்டு மாட்டியிருந்தார். அவர் என்ன ஏது என்று கேட்பதற்குள் ஊசியைப் போட்டுவிடுவார், வந்தவனுக்குத் துணையாக வந்தவனுக்கும் ஒரு தடவை போட்டுவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள். மிச்சம் இருந்தது மலையடிவாரத்துக் குரங்கணிக்குப் போகிற சாலையில் இருந்த இந்த டாக்டரம்மாதான். அவரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் மலைத் தோட்டங்களில் ஏலக்காய் எடுக்கிற பெண்கள். ஜீப்பில் அடைத்துக்கொண்டு வந்து இறங்குவார்கள். வியாபாரி வீட்டுப் பெண்கள் அந்தப் படியை மிதித்ததில்லை.

அம்மா பதறிப்போனாள். "காயெடுக்கிற பொம்பளைகளோடயா போயி உக்காரப் போற?" என்றாள். அங்கே பெஞ்சு போட்டிருக்கிறார்கள், உட்காரத்தானே போட்டிருக்கிறார்கள் என்றேன். தனியாக விட மனசில்லாமல் அவளும் கூட வந்தாள்.

உள்ளே போனதும் அம்மா பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டாள். இவளுக்கு வந்து, காலேஜில் படிக்கும்போதே, சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், என்று இழுத்தாள். டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாருக்கு முடியல?"

"எம் மகளுக்குத்தான்."

"அப்ப அவ சொல்லட்டும். நீங்க வெளிய இருங்க."

அம்மாவின் முகம் சுருங்கிப் போனது. தன்னை இப்படி வெளியே போகச் சொன்னவர்கள் அவள் ஆயுசில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். என்னைப் பார்த்தாள். அம்மாவும் இருக்கட்டும் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாள். நான் சொல்லவில்லை. எழுந்து போனாள்.

அம்மா போன பிறகுதான் எனக்குச் சிக்கல் ஆரம்பித்தது. இத்தனை நாளும் யார் யாரோ என் வியாதியைச் சொல்லிச் சொல்லி, எனக்கு அதைச் சொல்லும் வார்த்தையே இல்லாமல் போயிருந்தது. அப்பாவின் வார்த்தையைத்தான் சொன்னேன். டாக்டரம்மா தலையாட்டவில்லை, எழுதவுமில்லை. என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பித்தது. மதுரையில் எந்தத் தொந்தரவைப் பற்றியும் மடமடவென்று சொன்னவள் நான். வீட்டுக்குத் திரும்பிய சில மாதங்களில் என் வாயும் வீட்டு வாயாக மாறியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வேறு மாதிரி சொன்னேன். அதற்கும் அவர் காத்திருந்தார். மூன்றாவது முறைதான் இருப்பதை இருக்கிறபடி சொன்னேன். சொல்லும்போது அழுதேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அப்போதுதான் அவர் எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தார்.

வெளியே வந்ததும் அம்மா என்னைத் தாண்டி நேராக டாக்டரம்மாவிடம் போய், அவளுக்கு என்ன என்று கேட்டாள். "அவகிட்டக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். எல்லோரும் அடுத்த ஆள்தான்.

மருந்துச் சீட்டு எழுதித் தரும் பழக்கமும் அவரிடம் இல்லை. சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனால், கடைக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, யாருக்கு, எத்தனை நாளாக என்று நாலு பேர் முன்னால் விசாரிப்பார். அதனால் மாத்திரைகளை மதுரையிலிருந்து தானே வாங்கி வந்து, பழுப்புத் தாளில் மடித்துத் தருவார். எல்லோருக்கும் ஒரே அளவுப் பொட்டலம். ஒன்றுமில்லாதவர்களுக்கும் சத்து மாத்திரையை வைத்து அதே மாதிரி மடித்துத் தருவார் என்று அங்கே கூட்டித் துடைக்கிற அக்கா எனக்குச் சொன்னாள். யாருக்குச் சத்து மாத்திரை, யாருக்கு நிஜ மாத்திரை என்று அந்த அக்காவுக்கும் தெரியாது.

இதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காத ஒன்றும் இருந்தது. வெளியில் பார்த்தால் அவர் நம்மைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டார். ஒரு தடவை சந்தையில் எதிரே வந்தார், கையில் முருங்கைக்காய்க் கட்டு. நான் சிரித்தேன். அவர் என்னை ஒரு கம்பத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. தோட்டத்து ஆட்களுக்குத்தான் மரியாதை, நமக்கு இல்லை போலிருக்கிறது என்று பொருமினேன். அடுத்த தடவை போனபோது கேட்டும் விட்டேன். தான் சிரித்தால், டாக்டரம்மாவுக்கு உன்னை எப்படித் தெரியும் என்று பக்கத்தில் நிற்கிறவர்கள் என்னைக் கேட்பார்கள், அதற்கு நான் பதில் சொல்லும்படி ஆகும், எதற்கு வம்பு என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை.

தோட்டங்களில் கங்காணி என்று ஒருவர் இருப்பார், ஆட்களை வேலை வாங்குகிறவர். அவர்தான் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வருவார், அவர்தான் எல்லோருடைய வியாதியையும் சொல்வார். எங்கள் வீட்டில் அப்பா செய்ததை மலையில் கங்காணி செய்தார். ஒரு நாள் நான் முன்னறையில் இருக்கும்போது தட்டியின் வாசலில் நின்றுகொண்டு அவர் அடுக்கினார். இவளுக்குக் காய்ச்சல், அவளுக்குக் கைவலி, அந்த மூலையில் இருப்பவளுக்கு ஒன்றுமில்லை, வேலைக்குக் கள்ளம் என்றார். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து அதைக் கங்காணியின் நெஞ்சில் வைத்தார்.

"எல்லா வியாதியும் உங்களுக்குத்தான தெரியிது. வாங்க, வந்து படுங்க, உங்களையே மொத்தமாப் பாத்துட்றேன்."

பெஞ்சில் இருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். கங்காணி வெளியே போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டார்.

ஆனால் கங்காணி வந்தது வேறு சோலிக்கு. காயெடுப்பு மும்முரமாகிற சமயத்தில், யார் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்று முதலாளிக்குத் தெரிய வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். வேலை போனால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிற வீடும் போய்விடும். அதனால் பெண்கள் முடிந்தவரை மறைப்பார்கள். முதலாளி பிற்பாடு தானே நேரில் வந்து டாக்டரம்மாவிடம் கேட்டாராம். சொல்ல மாட்டேன் என்றிருக்கிறார். யாரும் அப்படி இல்லை என்றாவது சொல்லுங்கள் என்று கேட்டதற்கும் சொல்ல மாட்டேன் என்றிருக்கிறார். மறுவாரத்திலிருந்து ஜீப் வரவில்லை. கொஞ்ச நாள் முன்னறை பெஞ்சு காலியாகக் கிடந்தது. அதற்காக டாக்டரம்மா அலட்டிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குரங்கணிக்கு அரிசி லோடு ஏற்றிப்போகும் ஜீப்பில், மூட்டையின் மேல் பையோடு ஏறி உட்கார்ந்து, தானே போய்விட்டு வந்தார். தெரிந்த பெண்கள் மேலேயிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கி வந்து பார்த்துக்கொண்டார்கள். பிறகு மெல்ல மெல்லத் தாங்களாகவே போடிக்கும் வர ஆரம்பித்தார்கள்.

அவர் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல நான் வரவில்லை. ஒரு நாள் ஒரு ஆள், தோட்டத்தில் மரம் கவாத்து செய்கிறவர், வாசலில் நின்று அழுதார். அவர் பெண்டாட்டிக்கு என்னவென்று சொல்லுங்கள் என்று கெஞ்சினார். அவளிடம் கேளுங்கள் என்றார் டாக்டரம்மா. அவள் சொல்ல மாட்டேன் என்கிறாளே என்றார் அந்த ஆள். "அப்ப அவளுக்கு உங்ககிட்டச் சொல்லப் பிரியமில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த மனிதர் நல்லவரா கெட்டவரா எனக்குத் தெரியாது. ஆனால் துண்டை வாயில் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போன அவர் முகம் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

தன்னைப் பற்றியும் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். எந்த ஊர், கல்யாணம் ஆனதா, ஏன் தனியாக இருக்கிறார், எதற்கும் பதில் கிடையாது. மலையாளம் கலந்து பேசுவதால் எல்லைக்கு அந்தப் பக்கம் என்றார்கள் சிலர். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்றார்கள் சிலர், இவர்தான் விட்டுவிட்டு வந்தார் என்றார்கள் வேறு சிலர். எதையும் அவர் மறுத்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்குச் சின்னமனூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நிலபுலம் உள்ள குடும்பம், பையன் உரக்கடை வைத்திருந்தான். எல்லாம் பேசி முடிகிற நேரத்தில், பெண் அந்த டாக்டரம்மாவிடம் போய் வருகிறாள் என்று யாரோ அவர்கள் காதில் போட்டுவிட்டார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்குப் பொம்பளை டாக்டரிடம் என்ன வேலை என்பது அவர்கள் கேள்வி. மாப்பிள்ளையின் பெரியம்மா கெட்டிக்காரி. முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டு டாக்டரம்மாவிடமே போனார். முழங்காலைக் காட்டிவிட்டு, மெதுவாக என் பேச்சை எடுத்தார். டாக்டரம்மா முழங்காலுக்கு மாத்திரை மடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆள் என்று கூப்பிட்டுவிட்டார்.

அந்தப் பெரியம்மா எங்கள் வீட்டுக்கே வந்து இதைச் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டுப் போறது. வாயைத் தொறக்க மாட்டேங்கிறாள்னா என்னமோ இருக்குன்னுதான அர்த்தம்?" என்றார். சம்பந்தம் அதோடு நின்றது. விஷயம் ஊரெல்லாம் பரவியது. பார்க்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பார்த்தார்கள். அம்மா சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள். அப்பா டாக்டரம்மாவிடம் போனார். ஒரு வார்த்தை சொல்லுங்கள் போதும், என் மகள் வாழ்க்கை என்று கேட்டிருக்கிறார். அப்பா யாரிடமும் அப்படிக் கேட்டு நான் அறிந்ததில்லை. அவருக்கும் அதே பதில்தான்.

மறுநாள் நான் போனேன். பெஞ்சில் உட்காரவில்லை, வரிசையும் பார்க்கவில்லை. உள்ளே இருந்த ஆள் வெளியேறியதும் நேராகப் போய் நின்றேன்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"என்ன வார்த்த?"

"எனக்கு ஒண்ணுமில்லைன்னு."

"இருக்குன்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன்."

"என்னோட சம்மதம்தான உங்களுக்கு வேணும்? நான்தான் சொல்றேனே, சொல்லுங்க."

அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "இன்னிக்கு உனக்கு இல்லைன்னு சொல்றேன்னு வையி. நாளைக்கு இன்னொருத்தியப் பத்தி வந்து கேப்பாங்க. அவளுக்கு நெசமாவே என்னமோ இருக்கும். அப்ப நான் பேசாம இருந்தா ஊருக்குப் புரிஞ்சு போகும். ஒருத்திக்காக வாயத் தொறந்துட்டா, மத்தவளுகளுக்காக நான் வாய மூடி என்ன பிரயோசனம்?"

"அதுக்கு என் கல்யாணம் நின்னு போகணுமா?"

"ஆமா."

அவ்வளவுதான் சொன்னார். சமாதானம் சொல்வார், தலையைத் தடவுவார், வேறு நல்ல இடம் வரும் என்பார் என்று ஏதோ ஒன்றை எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. ஒன்றும் இல்லை. கோபம் வந்தால் என்னைத் திட்டிவிட்டுப் போ என்றார். திட்டினேன். நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். ரேடியோ சத்தத்தில் அது வெளியே கேட்டிருக்காது.

வெளியே வந்தபோது பெஞ்சில் தோட்டத்துப் பெண்கள் வரிசையாக இருந்தார்கள். ஒருத்தி நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். அவர்களில் யாருக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. யாரோ ஒருத்திக்காக என் சம்பந்தம் முறிந்திருக்கிறது. அந்த ஒருத்தி முன்னாலேயே வந்து போனவளா, இனிமேல்தான் வரப் போகிறவளா, அதுவும் தெரியாது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த முழங்கால்வலிப் பெரியம்மா மேல் வந்தது. கேட்கிறவளை விட்டுவிட்டு, சொல்லாதவளை ஏன் திட்டினேன் என்று வீடு வருகிற வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது.

சில மாதம் கழித்து உத்தமபாளையத்திலிருந்து இன்னொரு இடம் வந்தது. இந்தத் தடவை அப்பா முன்னெச்சரிக்கையாக இருந்தார். தன் சீட்டாட்டக் கூட்டாளியிடம் சொல்லி வைத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் குடும்ப டாக்டரைப் போய்ப் பார்ப்பார்கள். பிறந்ததிலிருந்து நான்தான் பார்க்கிறேன், தங்கமான உடம்பு என்று அவர் சொல்வார். என் கையைக்கூடப் பிடித்துப் பார்த்திராத மனிதர். அம்மா இதை எனக்குச் சந்தோஷமாகச் சொன்னாள். எல்லாம் நல்லபடியாக முடியும், நீ வாயை மட்டும் மூடிக்கொண்டிரு என்றாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, காப்பி எல்லாம் ஆனது. மாப்பிள்ளையின் அம்மா நல்ல பேச்சுக்காரர், மனசில் உள்ளதைச் சுற்றி வளைத்துத்தான் கேட்டார். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள், எங்களுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, இருந்தாலும் என்று நிறுத்தினார். அப்பா தயாராக இருந்தார். எங்கள் குடும்ப டாக்டர் இருக்கிறார், அவரிடம் தாராளமாக விசாரித்துக்கொள்ளுங்கள் என்றார். மாப்பிள்ளையின் அம்மா முகம் தெளிந்தது. இன்னும் ஒரு நிமிடம் நான் பேசாமல் இருந்திருந்தால் தாம்பூலம் மாற்றியிருப்பார்கள்.

"அந்த டாக்டரு என்னப் பாத்ததே இல்லைங்க. என்னப் பாக்குறது குரங்கணி ரோட்டு டாக்டரம்மாதான். அவங்க சொல்ல மாட்டாங்க. கேக்கணும்னா எங்கிட்டக் கேளுங்க."

அம்மா என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். மாப்பிள்ளையின் அம்மா சிரித்துச் சமாளித்தார். "சரி தாயி, நீயே சொல்லு. உனக்கு என்ன?"

"ஒங்க மகன் எந்த டாக்டர்ட்டப் போறாரு? அதச் சொல்லுங்க. நாங்களும் ஒரு எட்டு போயி விசாரிச்சிட்டு வந்துர்றோம். பெறகு நான் சொல்றேன்."

மாப்பிள்ளை கேசரித் தட்டைக் கீழே வைத்தான். அவனுக்கு என்ன வைத்தியம் நடக்கிறது என்று எனக்கு ஒன்றும் தெரியாது, குறி பார்த்து அடிக்கவும் இல்லை. கேட்டால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் கேட்டேன். வெரசாக எழுந்து போய்விட்டார்கள். அப்பா ஆறேழு மாதம் என்னோடு பேசவில்லை. வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் நான் செய்தது தப்பு. எனக்கு அன்றும் தப்பாகத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு டாக்டரம்மாவிடம் போனேன். நடந்ததையெல்லாம் விலாவாரியாகச் சொன்னேன். அவருக்காகத்தான் பேசினேன் என்கிற நினைப்பு எனக்குள் இருந்தது. மெச்சுவார் என்று பார்த்தேன். அவர் டிராயரைத் திறந்து பொரிகடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "அதெல்லாம் நான் கேக்கலையே. ஒடம்பு எப்பிடி இருக்கு, அதச் சொல்லு" என்றார். வந்த கோபத்தையும் மீறி எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்து சொன்னேன். இப்போது தடங்கல் இல்லாமல் சொல்ல வந்தது.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருடம் முடிவதற்குள், ஒரு செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவள், கையில் விபூதி இல்லாமல் திரும்பி வந்தாள். இடுப்பில் பழுப்புத் தாள் பொட்டலம் செருகியிருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். அதன் பிறகு அவள் பல தடவை போய் வந்தாள், தனியாகவே போனாள். அம்மாவுக்கு உடம்பில் ஏதோ இருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்பாவின் வாய் வழியாக அது எத்தனை வருடம் அஜீரணமாகப் போய்க்கொண்டிருந்ததோ. நான் கேட்கவில்லை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுக்கு என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் டாக்டரம்மா ஆஸ்பத்திரியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கே போகிறார், ஏன் போகிறார் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? வேறு தோட்டப் பக்கம் போய்விட்டார், அவருக்கே தீராத வியாதி, யாரையோ கட்டிக்கொண்டு போய்விட்டார் என்று ஊர் தனக்குத் தோன்றியதையெல்லாம் பேசி ஓய்ந்தது. எனக்கு அவர் மேல் வருத்தம்தான். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எத்தனையோ டாக்டர்களைப் பிறகு பார்த்துவிட்டேன். நான் பேசி முடிக்கும்வரை பேசாமல் காத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

இவ்வளவு தூரம் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி இருக்கும். அதெல்லாம் சரி, உனக்கு என்னதான் இருந்தது? பிற்பாடு என்னைக் கட்டிக்கொண்டவர் இதைக் கேட்டார். எந்த டாக்டரிடமும் போகாமல் என்னிடமே கேட்டார், அவருக்குச் சொன்னேன். மற்றபடி, இருந்தது என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அந்தப் பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் இன்னமும் போடியிலும் குரங்கணியிலும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப்போய்க் கேட்டுப் பாருங்கள், அவர்களும் சொல்ல மாட்டார்கள்.